நெல்லி காயின் தன்னார்வலர் மாநாடு

மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சசிகலா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். வயது நாற்பத்தாறு. கணவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மகள் கவிப்பிரியா நர்ஸ் வேலைக்கு மஸ்கட் போய், முதலில் தினமும், பிறகு ஞாயிறுதோறும், பிறகு நினைவு வந்தபோதும் பேசினாள். கடைக்கு ஒரு நாளைக்கு அறுபது பேர் வருவார்கள். அறுபது பேரிடமும் சசிகலா கேட்பது ஒன்றுதான்: "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமாங்க?" சாயந்திரம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனால் அதைக் கேட்கவும் ஆள் கிடையாது.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் குரு என்பவர் கடைக்கு வந்தார். முப்பத்தெட்டு வயது இருக்கும். ஓசூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது சொந்தமாக ஒரு நாணயம் வெளியிட்டிருப்பதாகச் சொன்னார். சசிகலா அவர் கையைப் பார்த்தாள்.

"கையில புடிக்கிறது இல்லைங்க மேடம். கிரிப்டோ. கம்ப்யூட்டருக்குள்ளயே இருக்கும். பேரு நெல்லி காயின்."

"ஓ."

"அதியமான் ஔவையாருக்குக் குடுத்தது நெல்லிக்கனி. நாங்க ஜனங்களுக்குக் குடுக்கறது நெல்லி காயின். அவரு ஒருத்தருக்குத்தான் குடுத்தாரு. எங்க வாட்ஸ்அப் குரூப்ல இப்பவே எரநூத்தி பதினாலு பேரு இருக்காங்க."

"அத வச்சி என்ன வாங்கலாங்க?"

குருவின் முகம் வாடியது. "எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. வாங்கறதுக்குத்தான் ரூபா இருக்குதே மேடம். இது நிலைச்ச மதிப்புக்கு."

நாணயத்தின் கொள்கை விளக்கத்தை முப்பது பக்கம் கையால் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அதைத் தமிழில் டைப் செய்ய வேண்டும். சசிகலா தாளைப் பார்த்தபடியே, விசைப்பலகையைப் பாராமல் அடித்துக்கொண்டு போனாள். குரு அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏழாவது பக்கத்தில், "நீங்க எங்க சமூகத்துல தன்னார்வலரா சேரணும் மேடம்" என்றார்.

"சேந்து என்ன பண்ணணுங்க?"

"நிலைச்ச மதிப்ப உருவாக்கணும்."

அவளுக்குப் புரியவில்லை. ஆனால் கணவர் போன பிறகு யாரும் அவளை எதிலும் சேரச் சொன்னதில்லை. சேர்ந்தாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு அடுப்பில் பால் இருக்கும்போது போன் துடித்தது. "காலை வணக்கம் சசிகலா அவர்களே. நெல்லிக் குடும்பம் தங்களை வரவேற்கிறது." அடுத்தடுத்து எட்டுப் பேர். எட்டிலும் அவள் பெயர் இருந்தது. நின்றபடியே எட்டுப் பேருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டு முடித்தபோது பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது.

அவள் சேர்ந்தபோது அமைப்பில் அவளையும் சேர்த்து முப்பத்தெட்டு தன்னார்வலர்களும் நான்கு பொறுப்பாளர்களும் இருந்தார்கள். மிச்சப் பேர் உறுப்பினர்கள். உறுப்பினர்கள் என்ன செய்வார்கள் என்று விதியில் சொல்லப்படவில்லை, அவர்களும் செய்யவில்லை. தன்னார்வலர்களுக்கு மட்டும் படிநிலை உண்டு: பூ, பிஞ்சு, காய், கனி. எல்லாவற்றுக்கும் மேலே ஊறுகாய். கனி அழுகிவிடும், ஊறுகாய்தான் நிலைத்திருக்கும் என்று கொள்கை விளக்கம் பத்தொன்பதாம் பக்கம் சொல்லியது. அதை டைப் செய்தவளே அவள்தான்.

ஞாயிறுதோறும் காலை பதினோரு மணிக்கு ஆன்லைனில் கூட்டம். தன்னார்வலர் உற்சாகக் குழுவின் தலைவர் பூபதி பேசுவார். பாப்பாரப்பட்டியில் பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவர். கேமராவில் அவருக்குப் பின்னால் மருந்து டப்பாக்கள் வரிசையாகத் தெரியும்.

"தன்னார்வலர்கள் ஏன் சீக்கிரம் சோர்ந்துபோகிறார்கள் என்று எங்கள் குழு நான்கு மாதம் ஆராய்ந்தது," என்றார் ஒரு ஞாயிறு. மேடைத் தமிழில்தான் பேசுவார். "விசாரித்ததில், வேலை செய்வதால்தான் சோர்வு வருகிறது என்று தெரியவந்துள்ளது. எனவே நல்ல தன்னார்வலர்களை வேலையிலிருந்து விடுவித்து அவர்களுக்குப் பொறுப்பு வழங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். நான் அப்படி விடுவிக்கப்பட்டவன்தான். அன்று முதல் எனக்குச் சோர்வே கிடையாது."

அந்த வாரமே நியமனங்கள் தொடங்கின. பென்னாகரம் வட்ட நம்பிக்கை அலுவலர். நெடுஞ்சாலை விழிப்புணர்வு அலுவலர். காலை வணக்கப் பிரிவு இணைச் செயலாளர், அவருக்கு ஒரு துணை. நியமனக் கடிதங்களைச் சசிகலா டைப் செய்தாள். அவளுக்கும் ஒரு கடிதம் கொடுக்கலாம் என்று ஒரு முறை பேச்சு வந்தது. அவள் பொறுப்பாளர் ஆகிவிட்டால் வேலை செய்யக் கூடாது, வேலை செய்யக் கூடாதென்றால் அவளுடைய நியமனக் கடிதத்தை யார் டைப் செய்வது என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார். விஷயம் துணைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. அவள் வருத்தப்படவில்லை. இருநூற்றுப் பதினான்கு பேரில் தனக்கு முன்னால் நிறையப் பேர் நிற்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

விலையைப் பற்றி மட்டும் குரூப்பில் யாரும் பேசக் கூடாது. அது மதிப்பைக் கொச்சைப்படுத்தும்.

ஐப்பசியில் புதுத் திட்டம் வந்தது. ஒவ்வொரு தன்னார்வலரும் நூறு நாளுக்குள் மாவட்டத்தில் ஒரு நிலைத்த மதிப்பை உருவாக்கி, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். சசிகலா ஒரு வாரம் யோசித்தாள். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஜெராக்ஸ் எடுக்க வருவதில்லை. "பாலக்கோடு பஸ்ஸு போயிடுச்சிங்களா?", "ஓசூருக்கு அடுத்தது எத்தினி மணிக்குங்க?" என்று கேட்கத்தான் வருகிறார்கள். பஸ் ஸ்டாண்டில் இருந்த பழைய பலகையில் நேரமெல்லாம் அழிந்து, எழுதிக் கொடுத்த நகைக் கடைக்காரர் பெயர் மட்டும் பளிச்சென்று இருந்தது.

பத்து நாள் காலையும் மாலையும் பஸ் ஸ்டாண்டில் நின்றாள். டிரைவர், கண்டக்டர் எல்லாரிடமும் கேட்டுக் குறித்தாள். நேரம், ஊர், வழி என்று பெரிய எழுத்தில் டைப் செய்து, லேமினேட் போட்டு, மூன்றாவது தூணில் ஒட்டினாள். மறுநாள் கடையிலிருந்து பார்த்தால் தூணுக்கு முன்னால் நான்கைந்து பேர் கழுத்தை நிமிர்த்தி நின்றிருந்தார்கள். ஒரு கண்டக்டர் தானாகக் கடைக்கு வந்து, "அம்மா, எங்க வண்டி இனிமே ஏழு இருபதுக்கு. மாத்தி எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க அவளுக்கு நெஞ்சில் ஏதோ இதமாக இருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினாள்.

ஆய்வுக்கு மதிப்பீட்டு அலுவலர் சுசித்ரா தருமபுரியிலிருந்து காரில் வந்தார். கூட இரண்டு துணை மதிப்பீட்டாளர்கள். ஒருவர் டேப் பிடித்து அட்டையை அளந்தார். மற்றவர் அளந்ததைச் சரிபார்த்தார்.

"இது எந்த பிளாக்ல இருக்குதுங்க?" என்று சுசித்ரா கேட்டார்.

"மூணாவது தூண்ல இருக்குதுங்க."

"அது தெரியுது. பிளாக்செயின்ல, அதான் நம்ம காயின் கணக்கு இருக்கற கம்ப்யூட்டர் பதிவேட்டுல, ஏத்தலையா? சரி. மழை வந்தா?"

"லேமினேட் பண்ணியிருக்கங்க."

"பஸ் நேரம் மாறிட்டா?"

"மாத்தி அடிச்சி ஒட்டிடுவேங்க."

சுசித்ரா பேனாவை எடுத்தார். 'மாறக்கூடியது. எனவே நிலைத்ததல்ல. மதிப்பு: இல்லை' என்று எழுதினார். பிறகு, மனம் கேட்காதவர்போல, "தப்பா நெனச்சிக்காதீங்க. எனக்குத் தனிப்பட்ட முறையில ரொம்பப் புடிச்சிருக்குது. எட்டு மணி வண்டி எங்க மாமியார் ஊரு வழியா போவுதுன்னே இப்பத்தான் எனக்குத் தெரியும்" என்றார்.

மதிப்பு இல்லை என்று மதிப்பிடப்பட்டதற்கும் அத்தாட்சி வேண்டும் என்பது விதி. காரிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்து வந்தார்கள். ஒன்றரை அடி. 'இங்கே நெல்லி காயின் நிலைத்த மதிப்பை உருவாக்குகிறது' என்று அதில் இருந்தது. தூணில் வேறு இடம் வழுவழுப்பாக இல்லாததால் அட்டையின் நடுவிலேயே ஒட்டினார்கள். காலை ஏழு நாற்பது முதல் பத்து இருபது வரையிலான பஸ்கள் அதற்குக் கீழே மறைந்துபோயின.

இரண்டு நாள் கழித்துச் சின்னம்மாள் என்ற பெண் கடைக்கு வந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. கையில் தருமபுரி ஆஸ்பத்திரிச் சீட்டு. சிறுநீரகத்துக்கு ஸ்கேன் எடுக்கப் பத்து மணிக்குள் வரச் சொல்லியிருந்தார்களாம்.

"எனக்குப் படிக்கத் தெரியாது சாமி. அங்க நின்னுனு இருந்த பொண்ணுகிட்ட கேட்டேன். ஏழேகாலுக்கு அப்பறம் பத்தேமுக்காலுக்குத்தான் தருமபுரி பஸ்ஸுன்னு படிச்சி சொல்லுச்சி. சரின்னு டீக்கடையாண்ட போயி உக்காந்தேன். அதுக்குள்ள எட்டு மணிக்கு ஒண்ணு வந்துட்டுப் போச்சாம். பத்தேமுக்கால் வண்டியில போயி எறங்கனா, டோக்கன் முடிஞ்சி போச்சின்னு அடுத்த வாரம் வரச் சொல்லிட்டாங்க." அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சசிகலாவுக்குத் தாங்கவில்லை. "போர்டுல இல்லாத பஸ்ஸு எப்பிடி வரும் சாமி? இந்தச் சீட்டு கசங்கிப்போச்சு, ஒரு நகல் எடுத்துக் குடு."

நகலைக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை. அடுத்த வாரம் எந்த நாள் என்று கேட்டு, எட்டு மணி பஸ் கண்டக்டரின் பெயரையும் சொல்லி அனுப்பினாள். பிறகு கடையை அப்படியே விட்டுவிட்டு, பிளேடு எடுத்துக்கொண்டு போய் ஸ்டிக்கரைச் சுரண்டினாள். அட்டையும் சேர்ந்து கிழிந்தது. புதிதாக அடித்து ஒட்டினாள்.

மூன்றாம் நாள் பூபதியிடமிருந்து குரல் செய்தி வந்தது. "அமைப்பின் ஸ்டிக்கரைச் சேதப்படுத்திய தன்னார்வலர் திருமதி சசிகலா அவர்களுக்கு மெமோ வழங்க ஒழுங்குக் குழு தீர்மானித்துள்ளது. கீழ்க்காணும் வாசகத்தை நல்ல தமிழில் டைப் செய்து, எழுத்துப் பிழை பார்த்து, தாங்களே பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிட்டு அனுப்பவும்."

அவள் தனக்கான மெமோவை டைப் செய்தாள். 'ஒழுங்கீனம்' என்பதை அவர் 'ஒழுங்கினம்' என்று சொல்லியிருந்தார், திருத்தினாள். தன்னுடைய விளக்கக் கடிதத்தையும் டைப் செய்தாள். விளக்கம் ஏற்கப்பட்டது என்ற தீர்மானம் வந்தது. அதையும் டைப் செய்தாள். மறுநாள் காலை ஆறரைக்கு எட்டு வணக்கமும் எப்போதும்போல் வந்தன. அதற்காகத்தான் எல்லாம் என்று அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. வெளியில் யாரிடமும் சொன்னதில்லை.

இந்தச் சம்பவத்தால் தன்னார்வலர்களின் மனநிலை பாதிக்கப்பட்டிருக்கும் என்று செயற்குழு கவலைப்பட்டது. மாபெரும் தன்னார்வலர் உற்சாக மாநாடு அறிவிக்கப்பட்டது. தை மாதம், ஞாயிற்றுக்கிழமை, அதியமான்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபம்.

சசிகலா ஒரு வாரமாக அந்த நாளை எதிர்பார்த்திருந்தாள். வணக்கம் போடும் எட்டுப் பேரையும் நேரில் பார்க்கலாம். நீலப் பட்டுப் புடவையை வெயிலில் போட்டு எடுத்தாள். கடையைச் சாத்தி, 'இன்று விடுமுறை' என்று அட்டை மாட்டினாள். கணவர் இறந்த நாளுக்குப் பிறகு அந்த அட்டை மாட்டியது அன்றுதான்.

மண்டபத்தில் இருநூறு நாற்காலி போட்டிருந்தார்கள். காலியாக இருந்தன. சீக்கிரம் வந்துவிட்டோம் என்று நினைத்தாள். இரண்டு பக்கமும் ஆள் வந்து உட்காரட்டும் என்று நடு வரிசையில் நடு நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்கள் கும்பிட்டுவிட்டு நேராக மேடைக்கு ஏறினார்கள். மேடையில் மூன்று அடுக்காக நாற்காலி. பத்தரை மணிக்கு நாற்பத்தோரு பொறுப்பாளர்களும் மேடையில் அமர்ந்தார்கள். கீழே சசிகலா இருந்தாள். அவள் திரும்பிப் பார்த்தாள். வாசலில் செருப்பு விடும் இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது.

டைப் செய்த நியமனக் கடிதங்களை அப்போதுதான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். முப்பத்தேழு.

பூபதி மைக்கைப் பிடித்தார். "கடல்போல் திரண்டிருக்கும் தன்னார்வலர்களே," என்று ஆரம்பித்தார். தாளில் அப்படி எழுதியிருந்தது. அந்தத் தாளும் அவள் டைப் செய்ததுதான். "இந்த அமைப்பு யாருடையது? உங்களுடையது. நாங்கள் வெறும் பொறுப்பாளர்கள். உங்களில் ஒவ்வொருவரும் இல்லையென்றால் நாங்கள் இல்லை. இதை நான் புகழ்ச்சிக்காகச் சொல்லவில்லை. நேற்று கணக்கெடுத்தபோது உண்மையாகவே அப்படித்தான் இருந்தது."

மேடை கைதட்டியது.

"இப்போது ஓர் ஒற்றுமைப் பயிற்சி. தன்னார்வலர்கள் எல்லோரும் கண்ணை மூடி, பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடித்துவிட்டீர்களா? அந்தக் கையின் சூட்டை உணருங்கள். நான் தனியாக இல்லை என்று மனதுக்குள் மூன்று முறை சொல்லுங்கள்."

சசிகலா கண்ணை மூடினாள். இடது பக்க நாற்காலியின் பிளாஸ்டிக் கைப்பிடி சில்லென்று இருந்தது. அதை விட்டுவிட்டு, தன் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டாள். மூன்று முறை சொன்னாள்.

பிறகு பதினோரு பேர் பேசினார்கள். தன்னார்வலர்கள் குறைவதற்குக் காரணம் தன்னார்வலர்களிடம் அர்ப்பணிப்பு இல்லாததே என்று எழுவர் சொன்னார்கள். நால்வர் அதை வழிமொழிந்தார்கள். அவளை மேடைக்கு அழைத்து ஊறுகாய் பட்டம் வழங்கினார்கள். சான்றிதழில் பெயருக்கான இடம் காலியாக இருந்தது. வீட்டுக்குப் போய் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். சாப்பாட்டில் பொறுப்பாளர்களுக்குத் தனிப் பந்தி, தன்னார்வலர்களுக்குத் தனிப் பந்தி. பரிமாறுகிறவர் நீள மேசையில் ஒரு இலையைப் போட்டுவிட்டு, "மத்தவங்க கை கழுவப் போயிருக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. நான் மட்டுந்தான்."

அவர் பாயசத்தை இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றிவிட்டுப் போனார்.

கடைசியில் குழுப் புகைப்படம். போட்டோகிராபருக்குச் சொல்லியிருக்கவில்லை. சசிகலாவின் கையில் ஒரு போனைக் கொடுத்தார்கள். நாற்பத்தோரு பேரும் சட்டகத்துக்குள் அடங்கும்வரை அவள் பின்னால் பின்னால் நகர்ந்து, வாசல்வரை போய், எடுத்தாள். அது நன்றாகவே வந்தது. மறுநாள் குரூப்பில் 'தன்னார்வலர் மாநாட்டில் தன்னார்வலர்கள்' என்ற தலைப்பில் போட்டிருந்தார்கள்.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு குரூப்பிலிருந்து வெளியேறினாள்.

அடுத்த நாள் ஆறரைக்குப் போன் துடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும். துடிக்காது என்று தெரிந்தும் அடுப்படிக்கு அதைக் கையோடு கொண்டுபோனாள். பால் ஒரு நாளும் பொங்கி வழியவில்லை.

ஐந்தாம் நாள் குரு கடைக்கு வந்தார். சட்டை இஸ்திரி போடாமல் இருந்தது.

"அமைப்பே நின்னுபோச்சுங்க. உற்சாகக் குழுவுக்கு உற்சாகப்படுத்த ஆளில்ல. மதிப்பீட்டுக் குழுவுக்கு மதிப்புப் போட ஒண்ணுமில்ல. நீங்க வெளிய போனதுக்கு வருத்தம் தெரிவிச்சி தீர்மானம் போட்டாங்க, அத டைப் பண்ண ஆளில்லாம அப்பிடியே கெடக்குது."

"நாப்பத்தோரு பேருல ஒருத்தர் தன்னார்வலரா வரலாங்களே."

"கேட்டேங்க. பதவி எறக்கம்னு சொல்லிட்டாங்க."

"எரநூத்தி பதினாலு பேரு இருக்காங்கன்னீங்க?"

குரு ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்தார். "பாதிக்கு மேல குரூப்ப மியூட்ல போட்டு வச்சிருக்காங்க. வெளிய போகச் சோம்பல்."

வெளியே ஓசூர் பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. அவர் அதில் ஏறவில்லை.

"வூட்ல யாரு இருக்காங்க உங்களுக்கு?" என்று சசிகலா கேட்டாள். ஆறு மாதத்தில் இதைக் கேட்கத் தோன்றியதில்லை.

"வூடு இல்லைங்க, ரூம்தான். வேல போயி ரெண்டு வருசம் ஆவுது. அந்தச் சமயத்துல ஒரு தடவ ஜொரம் வந்து படுத்துட்டேன். நாலு நாளு. போன தலமாட்டுலயே வச்சிருந்தேன். சிம் கம்பெனிக்காரங்க மெசேஜ் மட்டும் வந்துச்சு. எந்திரிச்சதும்தான் குரூப் ஆரம்பிச்சேன். சும்மா ஒரு குரூப்புன்னா யாரும் சேர மாட்டாங்கக்கா. காயின்னா சேருவாங்க."

அவர் அக்கா என்று சொன்னதை இருவருமே கவனித்தார்கள். அதற்குள் ஒருவர் ஆதார் அட்டையை நீட்டினார். சசிகலா ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்று கேட்டு எடுத்துக் கொடுத்தாள். இன்னொருவர் வந்தார், இன்னொருவர். குரு ஓரமாக நின்று வந்த தாள்களை வரிசைப்படுத்தி ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொடுத்தார். கூட்டம் குறைந்ததும் அவள் சொன்னாள்:

"நான் திரும்ப வர்லைங்க. கோவம் இல்ல. அந்த ஹால்ல கண்ண மூடிக்கினு உக்காந்திருந்தேன் பாருங்க, அத இன்னொரு தடவ என்னால முடியாது."

"நான் மேடையிலருந்து பாத்தேங்க்கா" என்றார் குரு. "எறங்கி வந்து பக்கத்துல உக்காரலாம்னு தோணுச்சி. நிறுவனர் எறங்கக் கூடாதுன்னு விதி இருக்குது. நான் எழுதனதுதான்."

அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து, கடை திறந்த சிறிது நேரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது.

"நான் பதவிய ராஜினாமா பண்ணிட்டு தன்னார்வலரா சேந்துட்டேங்க்கா. நாப்பது பேரும் வாழ்த்து போட்டாங்க. பூபதி சார் அரை மணி நேரம் பேசி உற்சாகப்படுத்தினாரு. அவருக்கே ரொம்ப நாள் கழிச்சி நல்லா பேசன திருப்தி. என்னைப் பூ ஆக்கியிருக்காங்க." குரலில் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. "என்ன வேல பண்ணணும்னுதான் யாரும் சொல்லல. உங்களுக்கு மொதல்ல யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லலைங்க. நானா பாத்துத்தான் பண்ணேன்."

"ஓ."

எதிரே பாலக்கோடு பஸ் ரிவர்ஸ் எடுத்தது. கண்டக்டரின் விசில் சத்தம் ஓசூர்வரை கேட்டிருக்கும். அங்கே குருவின் ரூமில் ஒரு மின்விசிறி கடகடவென்று சுற்றுவது இவளுக்குக் கேட்டது. வாடிக்கையாளர் ஒருவர் வந்து தாளை நீட்டினார். சசிகலா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மெஷினைத் திறந்தாள். குருவும் போனை வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை.